கோகோ நாற்றும் நெய்வேலி வெயிலும்

தாவரவியல் பயிலும் மாணவன் என்ற துணிச்சலில் நான் செய்த தவறு ஒன்றையும், அதனால் கற்ற பாடத்தையும் இக்கட்டுரையில் கூற விழைகின்றேன்.

நெய்வேலி நகரியத்தில் எங்கள் குடியிருப்பு. பண்ணுருட்டிக்கு அருகில் எங்களுக்குச் சிறிய தென்னந்தோப்பு உண்டு. பொள்ளாச்சிப் பக்கம் செய்வதுபோல் அதில் ஊடுபயிராகக் கோகோ வளர்க்க வேண்டும் என்பது தந்தையாரின் நெடுநாள் ஆவல். சென்ற சித்திரையில் ஆனைமலையிலிருந்து வந்த மாமா, கோகோக் காய்கள் நான்கைக் கொணர்ந்து என்னிடம் ஒப்படைத்தார்.

கோகோ நம் நாட்டுக்கு நேற்று வந்த பயிர் அன்று. 1798-ஆம் ஆண்டிலேயே கிழக்கிந்தியக் கம்பெனியார் குற்றாலத்தில் அதைப் பயிரிட்டனர். அமேசான் காடுகளில் பெருமரங்களின் நிழலில் வளர்வது அதன் இயல்பு. அதன் விதைக்கு உறக்கநிலை இல்லை. காயிலிருந்து எடுத்துச் சில நாள் உலரவிட்டால் முளைக்கும் திறனை இழந்துவிடும். ஆகவே அன்றே பைகளில் செம்மண் நிரப்பி விதைகளை ஊன்றி, முற்றத்து வெயிலில் வைத்தேன்.

விதைகள் நன்கு முளைத்தன. தொடக்கத்தில் விதையிலைகளில் உள்ள உணவே நாற்றுக்குப் போதுமானது. அதனை என் திறமை என்று எண்ணி மகிழ்ந்தேன்! பின்னர் இலைகள் வெளுத்து, ஓரங்கள் கருகின. உரம் போதவில்லை என்று கருதிப் பசுஞ்சாணத்தை அள்ளி இட்டேன். எஞ்சிய நாற்றுகளும் பட்டுப்போயின. "பச்சைப் பிள்ளைக்குப் பந்திச் சோறு ஊட்டலாமா?" என்றார் அம்மா. தந்தையார் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பெரிதும் உறுத்தியது.

காரணம் என்ன? முழு வெயிலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு ஒளியிலேயே கோகோ இலையின் ஒளிச்சேர்க்கை உச்சத்தை எட்டிவிடுகிறது. அதற்கு மேற்பட்ட ஒளி இளம் இலையின் பச்சையத்தைச் சிதைக்கிறது. மக்காத சாணமோ நொதிக்கும்போது வெப்பத்தையும் அம்மோனியாவையும் வெளியிட்டு இளவேரைச் சுடுகிறது.

ஆனி மாதம் மாமா மீண்டும் காய்கள் அனுப்பினார். இம்முறை நாற்றுகளை இரு இடங்களில் பிரித்து வைத்தேன்: பலா மரத்தின் அடர்ந்த நிழலில் ஒரு பகுதி, தென்னங்கீற்றுப் பந்தலின் அரைநிழலில் மறுபகுதி. ஒவ்வோர் இடத்திலும் பாதிப் பைகளில் வெறும் மண். மற்றவற்றில் நன்கு மக்கிய தொழுஉரமும் மணலும் கலந்த மண்.

பலா நிழலில் நாற்றுகள் ஒளியைத் தேடி நெட்டையாக நீண்டு, தண்டு மெலிந்து சாய்ந்தன. அங்கு உரமிட்டும் பெரிய வேறுபாடு தெரியவில்லை. அரைநிழலில் உரமற்ற நாற்றுகள் உயிரோடிருந்தன, ஆனால் மெல்லவே வளர்ந்தன. உரமிட்டவையோ தண்டு தடித்து, கரும்பச்சை இலைகளுடன் நிமிர்ந்து நின்றன. ஒளி இன்றேல் உரம் பயன்படாது. உரம் இன்றேல் ஒளியின் பயன் குறையும் என்பதைக் கண்ணாரக் கண்டேன். எங்கள் செம்மண்ணில் மட்கு குறைவு. தொழுஉரம் ஈரத்தைப் பிடித்துவைத்து, தழைச்சத்தைச் சிறிது சிறிதாக வழங்குகிறது.

ஐப்பசியில் பந்தல் கீற்றுகளை ஒவ்வொன்றாக நீக்கி நாற்றுகளை வெயிலுக்குப் பழக்கினேன். கார்த்திகை மழையில் தந்தையார் தம் கையாலேயே அவற்றைத் தென்னைகளுக்கிடையே நட்டார்.

மாணவ நண்பர்களே, நம் பாடநூலில் ஒளி ஓர் இயலிலும் உரம் வேறோர் இயலிலும் இருக்கலாம். செடியிடம் அவை இரண்டும் ஒரே பாடமே.