வலி போனது, பசி வந்தது

1882 ஜூலை 15 அன்று பெர்லின் லாசரஸ் மருத்துவமனையில் கார்ல் லாங்கென்பூக் என்ற அறுவை மருத்துவர், 43 வயது ஆண் ஒருவரின் பித்தப்பையை வெட்டி எடுத்தார். மனிதருக்கு அப்படியொரு அறுவை நடந்தது அதுவே முதல்முறை. 16 வருடமாகக் கல் வலியில் உருக்குலைந்து, மார்ஃபினே கதி என்று கிடந்தவர் அந்த நோயாளி. மறுநாள் படுக்கையில் சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்தார். ஆறு வாரம் கழித்து வீட்டுக்குப் போனபோது வலி இல்லை. எடையும் ஏறத் தொடங்கியிருந்தது.

பித்தப்பையை எடுத்தால் உடம்பு இளைக்குமா, பெருக்குமா? இன்றும் அறுவைக்கு நாள் குறித்தவர்கள் பலரும் கேட்கும் கேள்வி இது. லாங்கென்பூக்கின் நோயாளியிடமே பாதிப் பதில் இருக்கிறது. வலிக்குப் பயந்து சாப்பிடாமல் இருந்தவர், பயம் விட்டதும் சாப்பிட்டார். மீதிப் பதிலுக்கு மதுரைக்கு வரலாம்.

மதுரையில் பள்ளி ஆசிரியையாக இருக்கும், ஐம்பதை நெருங்கும் பெண்மணி ஒருவர், மகள் கல்யாணத்துக்குள் இளைத்தே தீருவது என்று இரவுச் சாப்பாட்டை அடியோடு நிறுத்தினார். எடை மளமளவென்று இறங்கியது. கல்யாணம் முடிந்து, விருந்தெல்லாம் ஓய்ந்த ஒரு நடுராத்திரியில் வலது விலாவுக்குக் கீழே பிடித்த வலி, முதுகுப்பக்கம் தோள்பட்டைவரை ஏறியது. "கேஸ்தான்" என்று வீட்டில் சோடா கொடுத்தார்கள், ஓமத்தண்ணி கொடுத்தார்கள். மூன்றாவது முறை வலி வந்தபோதுதான் ஸ்கேன். பை நிறையப் பொடிக்கற்கள்.

வாரத்துக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் எடை இறங்கினால் பித்தக்கல்லுக்கான வாய்ப்பு கூடும் என்பது மருத்துவத்தில் பழைய செய்தி. உடம்பு தன் கொழுப்பைக் கரைக்கும்போது கல்லீரல் கூடுதல் கொலஸ்ட்ராலைப் பித்தநீரில் தள்ளுகிறது. வயிறோ பட்டினி, பித்தப்பை சுருங்கிக் காலியாக வேலையில்லை. தேங்கிய நீரில் கொலஸ்ட்ரால் படிகிறது. எடைக்குறைப்பு அறுவை செய்துகொண்டவர்களுக்குச் சில மாதங்களுக்கு உர்சோடியாக்சிகோலிக் அமில மாத்திரை எழுதிக் கொடுப்பதும் இதனால்தான். உடற்பயிற்சிக் கூடங்களில் 'ஒரே மாதத்தில் பத்து கிலோ' என்று எழுதி ஒட்டுகிறவர்கள் இதையும் பக்கத்தில் ஒட்டலாம்.

அறுவைக்குக் காத்திருந்த வாரங்களில் ஆசிரியை இட்லியும் மோர்சாதமும் மட்டும்தான் சாப்பிட்டார். இன்னும் கொஞ்சம் இளைத்தார். பார்க்க வந்தவர்களோ ஆளுக்கொரு பீதியைக் கிளப்பிவிட்டுப் போனார்கள். "பித்தப்பை இல்லேன்னா எண்ணெயக் கண்ணுலயே காட்டக் கூடாதாம்லக்கா, சோறே செரிக்காதாம்ல?" என்றாள் எதிர்வீட்டுப் பெண். அதை அப்படியே மருத்துவரிடம் கேட்டார்.

"நம்ம மீனாட்சி கோயில் யானைக்கு என்ன சொல்வீங்க டீச்சர்? அதுக்குப் பிறந்ததுல இருந்தே பித்தப்பை கிடையாது" என்று சிரித்தார் அவர்.

விளையாட்டுப் பேச்சு இல்லை. யானை, குதிரை, ஒட்டகம், புறா எதற்கும் பித்தப்பை கிடையாது. நாளெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கிற உயிர்கள் அவை. அவற்றின் தீனியில் கொழுப்பும் குறைவு. நாய், பூனை, சிங்கம் போல ஒரே மூச்சில் கொழுத்த தீனியை முடித்துவிட்டு மணிக்கணக்கில் படுத்துக்கிடப்பவற்றுக்கு இந்தப் பை உண்டு. (மாட்டுக்கும் உண்டு என்பதால் இதை ஒரு விதியாக்கிவிட முடியாது.) ஆனாலும், பை போனபின் எப்படிச் சாப்பிட வேண்டும் என்பதற்கு யானையைவிட நல்ல உதாரணம் இல்லை.

பித்தநீரைச் சுரப்பது கல்லீரல். ஒரு நாளைக்கு ஏறக்குறைய அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர்வரை. பித்தப்பையின் கொள்ளளவு 30 முதல் 50 மில்லி லிட்டர்தான். வந்த நீரை வாங்கி, தண்ணீரை உறிஞ்சி, பத்து மடங்குவரை கெட்டியாக்கி வைத்திருக்கும். எண்ணெயும் கொழுப்பும் சிறுகுடலை எட்டியதும் கோலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோன் சுரக்கும். பை சுருங்கி, கெட்டிப் பித்தம் ஒரே பாய்ச்சலாகக் குடலில் இறங்கும். பையை எடுத்துவிட்டால் வீட்டில் மேல்தொட்டியைக் கழற்றியது போலத்தான். மோட்டார் ஓடுகிறது, குழாயில் தண்ணீர் வருகிறது. ஒரே நேரத்தில் நாலு குழாயைத் திறந்தால்தான் சிக்கல்.

ஆகவே கொழுப்பை ஒழிக்க வேண்டியதில்லை. ஒரே வேளையில் கொட்டக் கூடாது, அவ்வளவுதான். ஆசிரியைக்கு இது புரிவதற்குச் சில மாதம் பிடித்தது. அதற்கு ஒரு காரணமும் உண்டு. லாங்கென்பூக்கின் நோயாளி ஆறு வாரம் மருத்துவமனையிலேயே இருந்தார். 1985-ல் ஜெர்மனியில் எரிக் மூஹே லேப்ராஸ்கோப் வழியாகப் பித்தப்பையை எடுத்துக் காட்டினார். 1990-ல் மும்பையில் தெஹெம்டன் உத்வாடியா அந்த முறையை இந்தியாவுக்குக் கொண்டுவந்தார். இன்று வயிற்றில் நாலு சின்னத் துளை, பெரும்பாலோருக்கு மறுநாளே வீடு. நல்லதுதான். ஆனால் சாப்பாட்டைப் பற்றிக் கையில் கிடைப்பது, டிஸ்சார்ஜ் தாளின் அடியில் 'எண்ணெய்ப் பதார்த்தம் குறைக்கவும்' என்கிற ஒற்றை வரி. எவ்வளவு, எத்தனை நாளைக்கு என்பதை அவரவர் வயிற்றிடம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

முதல் சில நாளில் அவரை வாட்டியது வயிறு அல்ல, வலது தோள். இதயமோ என்று வீடே பதறியது. அறுவையின்போது வயிற்றை உப்பவைக்கச் செலுத்தும் கரியமில வாயுவில் மிச்சம் இருப்பது உதரவிதானத்தை உறுத்தும். உதரவிதானத்துக்குப் போகும் நரம்பு கழுத்திலிருந்து வருவதால் வலி தோளில் தெரியும். எழுந்து நடக்க நடக்கக் குறைந்துவிடும். வலிமாத்திரையாலும் படுக்கையாலும் மலச்சிக்கல் வேறு. வீட்டுக்கு வந்த கையோடு எடை பார்க்கும் இயந்திரத்தில் ஏறி, "கூடியிருக்கே" என்று கலங்குகிறவர்கள் உண்டு. நரம்பில் ஏற்றிய திரவமும் வெளியேறாத மலமும் அதில் சேர்த்தி. முதல் இரண்டு வாரம் அந்த இயந்திரத்தைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவது உத்தமம்.

சாப்பாட்டில் அவர் செய்தது எளிமையானது. முதல் வாரம் இட்லி, இடியாப்பம், குழைந்த ரசம் சாதம், நீர்மோர், சுரைக்காய்க் கூட்டு. தாளிப்புக்கு மட்டும் எண்ணெய். இரண்டாவது வாரத்தில் அவித்த முட்டை, பிறகு குழம்பில் வெந்த மீன். ஒவ்வொரு புதுப் பொருளுக்கும் ஒரு நாள் இடைவெளி. சாப்பிட்டதையும் வயிறு சொன்னதையும் பழைய பள்ளிக்கூட நோட்டில் குறித்து வைத்தார். கேட்ட யோசனை எல்லாவற்றையும்விட உருப்படியானது அந்த நோட்டுதான். ஏனென்றால் ஒருவருக்குப் பால் ஆகாது, இன்னொருவருக்கு வெறும் வயிற்றுக் காபி ஆகாது, மூன்றாமவர் பிரியாணியே சாப்பிட்டுவிட்டு ஏப்பம்கூட விடமாட்டார். அவருடைய நோட்டின்படி பூரி ஒன்று ஒத்துக்கொண்டது, மூன்று ஒத்துக்கொள்ளவில்லை. மட்டன் சுக்கா மதியம் பரவாயில்லை. பட்டினி கிடந்து ராத்திரி பத்து மணிக்குப் பரோட்டாவோடு சாப்பிட்டால் விடிவதற்குள் கழிவறை. தேங்காய் எண்ணெய்க்குப் பித்தநீரே தேவையில்லை என்று அண்ணன் மனைவி சொன்னதைக் கேட்டு அதையும் ஊற்றிப் பார்த்தார். பித்தநீர் அவ்வளவாகத் தேவைப்படாத கொழுப்பு அதில் சிறு பகுதிதான். பெரும்பகுதி மற்ற எண்ணெய் போலவே நடந்துகொள்ளும். வயிறு அதை உறுதிப்படுத்தியது.

ஒரு மாதம் போனதும் வயிறு அடங்கிவிட்டது. அப்புறம்தான் எடை ஏறத் தொடங்கியது.

பழி பித்தப்பையின் மேல் விழுந்தது. "எடுத்தா குண்டாகிடுவாங்கன்னு அப்பவே சொன்னேன்ல மதினி" என்றார் நாத்தனார். நோட்டு வேறு கதை சொன்னது. கல் இருந்தவரை வலிக்குப் பயந்து வடையைத் தொடாதவர், இப்போது மாலை ஸ்டாஃப் ரூம் வடைக்குக் கை நீட்டுகிறார். தைரியத்துக்குக் கேட்கவா வேண்டும்? கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள் என்று மருத்துவர் சொன்னதை, மூன்று வேளையும் பழைய அளவு, நடுவில் மூன்று வேளை நொறுக்குத்தீனி என்று உடம்பு அர்த்தம் பண்ணிக்கொண்டது. பாரம் தூக்க வேண்டாம் என்ற பேச்சைச் சாக்கிட்டு மாலை நடையும் நின்றுபோயிருந்தது. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் ஏறக்குறைய 120 கலோரி. அது செரிக்க ஆரம்பித்ததே அறுவை நன்றாக முடிந்ததற்கு அடையாளம். அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாததுதான் எடைக்குக் காரணம்.

மருத்துவ ஆய்வுகள் இதில் இன்னும் ஒரே குரலில் பேசவில்லை. பித்தப்பை நீக்கியவர்களுக்குக் கல்லீரல் கொழுப்பும் சர்க்கரை தொடர்பான கோளாறுகளும் சற்று அதிகம் தென்படுவதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. பை இல்லாததாலா, கல்லை உண்டாக்கிய அதே உடல்வாகாலா என்பது இன்னும் தீராத வழக்கு. எப்படியானாலும் செய்ய வேண்டியது ஒன்றுதான். ஆசிரியை நொறுக்குத்தீனி வேளைகளில் இரண்டைக் கொய்யாவுக்கும் சுண்டலுக்கும் மாற்றினார், வீட்டு எண்ணெயை ஆளுக்கு மாதம் அரை லிட்டர் என்று அளந்து வைத்தார், நடையைத் திரும்பத் தொடங்கினார். எடை நின்றது, பிறகு மெதுவாக இறங்கியது. இந்த முறை மெதுவாக இறங்குவதில் அவருக்கு வருத்தமே இல்லை.

சென்னை ஓ.எம்.ஆர். சாலையில் வேலை பார்க்கும் இளைஞர் ஒருவரின் பாடு வேறு. அறுவை முடிந்து மாதங்கள் ஆகியும், காலைச் சாப்பாடு முடிந்த அரைமணி நேரத்தில் ஓட வேண்டும். மஞ்சளாக, தண்ணியாக, அவசரமாக. அலுவலகப் பேருந்தை விட்டுவிட்டு, வழியில் எங்கே பெட்ரோல் பங்க் இருக்கிறது என்ற கணக்கோடு பைக்கில் போக ஆரம்பித்தார். உடம்பு இளைத்தது. வெட்கத்தால் யாரிடமும் சொல்லவில்லை.

பித்தநீரில் உள்ள அமிலங்களில் ஏறக்குறைய 95 சதவீதத்தைச் சிறுகுடலின் கடைசிப் பகுதி உறிஞ்சிக் கல்லீரலுக்கே திருப்பி அனுப்பிவிடும். பை இல்லாதபோது நீர் ஓயாமல் சொட்டுவதால், சிலருக்கு அந்தப் பகுதியால் ஈடுகொடுக்க முடிவதில்லை. தப்பிய அமிலம் பெருங்குடலில் விழுந்து தண்ணீரை இழுத்துவிடுகிறது. ராத்திரி முழுக்கச் சொட்டியது காலைச் சாப்பாட்டோடு நகர்வதால்தான் காலையில் அவஸ்தை அதிகம். பத்துப் பேரில் ஒருவருக்காவது ஏதோ ஓர் அளவில் இது வரும். பலருக்குச் சில வாரங்களில் தானே சரியாகும். அவருக்கு இசப்கோல், ஓட்ஸ், வெறும் வயிற்றுக் காபிக்கு விடுப்பு என்று ஆரம்பித்த மருத்துவர், அது போதாமல் கோலெஸ்டிரமின் பொடியை எழுதினார். குடலிலேயே பித்த அமிலத்தைப் பிடித்து மலத்தோடு வெளியேற்றும் பொடி. மற்ற மாத்திரைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும் என்பதால் அவற்றை ஒரு மணி நேரம் முன்போ, நாலைந்து மணி நேரம் பின்போதான் போட வேண்டும். சில நாளில் பேருந்துக்குத் திரும்பினார். மாதக்கணக்கில் பொறுத்துக்கொள்ள வேண்டிய விஷயமே இல்லை இது.

பொறுக்கவே கூடாதவை வேறு சில உண்டு. கண் மஞ்சளிப்பது, சிறுநீர் கட்டன் தேநீர் நிறத்தில் போவது, மலம் வெளுத்துச் சுண்ணாம்பு போலிருப்பது, குளிர் காய்ச்சல், பழைய இடத்திலேயே பழைய வலி. பித்தக்குழாயில் நழுவிய கல் தங்கியிருக்கலாம், குழாயில் கசிவோ காயமோ இருக்கலாம். பிரிட்டன் வெளியுறவு அமைச்சராக இருந்த ஆந்தனி ஈடனுக்கே 1953-ல் லண்டனில் நடந்த பித்தப்பை அறுவையில் குழாய் காயப்பட்டு, பாஸ்டன்வரை போய்ச் சரிசெய்ய வேண்டியிருந்தது. இன்று அது அரிது, ஆனால் இல்லாமல் போகவில்லை. இந்த அறிகுறிகளுக்குக் கஷாயம் வைத்துக்கொண்டு உட்காரக் கூடாது.

இளைப்பதற்குத் திரும்பினால், ஓய்வுபெற்ற அரசுப் பேருந்து ஓட்டுநர் ஒருவரின் கதை பாக்கி இருக்கிறது. அறுவைக்குப் பிறகு யார் சொல்லியும் கஞ்சியை விட்டு அவர் நகரவில்லை. எண்ணெய் என்றாலே கையெடுத்துக் கும்பிடுவார். ஒரு வருடம் கழித்தும் எடை இறங்கிக்கொண்டே இருந்தது. பித்தப்பை எடுத்தவர் அப்படித்தான் இருப்பார் என்று குடும்பமே சமாதானம் ஆகியிருந்தது. ஊரிலிருந்து வந்த மருமகள்தான், "மாமா ராத்திரி நாலு தடவ எந்திரிச்சுத் தண்ணி குடிக்கிறாங்க, கவனிச்சீங்களா அத்தை?" என்று கேட்டு ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போனாள். சர்க்கரை முந்நூறைத் தாண்டியிருந்தது. ஒரு வருடமாகக் குடித்த அரிசிக் கஞ்சி அதற்கு ஒத்தாசை செய்திருந்தது. மாத்திரை தொடங்கி, கஞ்சி நின்று, பருப்பும் முட்டையும் மீனும் தட்டுக்கு வந்தபிறகு எடை பிடித்தது. அளவான எண்ணெயில் வறுத்த மீன் அவருக்கு ஒரு தொந்தரவும் கொடுக்கவில்லை.