கார்பன் நீக்கம்: பிரஸ்ஸல்ஸ் கையில் எவ்வளவு?

நம்பிக்கை: காற்றிலிருந்து கார்பனை நீக்கும் வேலைக்கு ஐரோப்பிய ஒன்றியம் சட்டம் போட்டுவிட்டது, உறுப்பு நாடுகள் இனி தலையாட்ட வேண்டியதுதான்.

உண்மை: 2024 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த அந்தச் சட்டம் சான்றிதழ் பற்றியது. விரும்பியவர் சேரலாம், கட்டாயமில்லை. எதை நீக்கமாகக் கணக்கிடுவது, எப்படி அளப்பது என்பதை ஐரோப்பிய ஆணையம் வகுக்கும். சான்றளிக்கும் அமைப்புகளைக் கண்காணிப்பது நாடுகளின் பொறுப்பு. தன் மண்ணுக்கடியில் கார்பனைப் புதைக்க இடம் தரலாமா என்பதையும் அந்தந்த நாடே முடிவு செய்யும். 2009-இலிருந்தே விதி அப்படித்தான். உரிம வரைவைப் பார்த்து ஆணையம் கருத்துச் சொல்லும். ஏற்க மனமில்லாத அரசு காரணத்தை எழுதிக் கொடுத்தால் போதும்.

நம்பிக்கை: சொந்தப் பணத்தை யாருக்குக் கொடுப்பது என்பது அரசின் இஷ்டம்.

உண்மை: ஸ்டாக்ஹோமில் மரக்கழிவை எரித்து நகர வீடுகளுக்கு வெப்பம் அனுப்பும் ஆலை ஒன்று இருக்கிறது. அதன் புகையிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 8 லட்சம் டன் கார்பன் டையாக்சைடைப் பிடிக்கத் திட்டம். மானியம் ஸ்வீடன் கஜானாவிலிருந்து வருகிறது. ஆனாலும் அது போட்டியைக் கெடுக்காது என்று ஆணையம் 2024 ஜூலையில் ஒப்புக்கொண்ட பிறகுதான் மானியத்துக்கான ஏலமே நடந்தது. பிடித்த வாயுவைத் திரவமாக்கி, கடலடியில் புதைக்கக் கப்பலில் நார்வேக்கு அனுப்புவார்கள். நார்வேயோ ஒன்றியத்தில் உறுப்பினரே அல்ல! கடலில் கழிவு கொட்டுவதைத் தடுக்கும் லண்டன் நெறிமுறை வேறு குறுக்கே நின்றதால், இரு நாடுகளும் தனியாக உடன்பாடு செய்துகொண்டன.

நம்பிக்கை: சான்றிதழ் கிடைத்தால் உமிழ்வுச் சந்தையில் விற்றுவிடலாம்.

உண்மை: 2024 சட்டம் அதற்கு வழி செய்யவில்லை.

நம்பிக்கை: புதைத்தது என்றைக்குக் கசிந்தாலும் நிறுவனம் பார்த்துக்கொள்ளும்.

உண்மை: இங்கேதான் பங்கீடு கோணலாக இருக்கிறது. சேமிப்பிடத்தை மூடிப் பொதுவாக 20 ஆண்டுகள் கழித்து, வாயு நிலையாக அடங்கிவிட்டது என்று உறுதியானால், பொறுப்பு அந்த இடம் இருக்கும் நாட்டின் அரசுக்குப் போய்விடும். நிறுவனம் அதற்காகக் கட்டும் தொகை, குறைந்தபட்சம் 30 ஆண்டுக் கண்காணிப்புச் செலவுக்கு ஈடாக இருந்தால் போதும். சான்றிதழ்ச் சட்டமோ நிரந்தர நீக்கத்துக்குப் பல நூற்றாண்டுகள் கேட்கிறது. நிறுவனம் தரவை மறைத்தது, அலட்சியமாக இருந்தது என்று காட்ட முடிந்தால் செலவைத் திரும்ப வாங்கலாம். இல்லையென்றால் செலவு அந்த அரசின் தலையில்தான்; விதி எழுதிய பிரஸ்ஸல்ஸுக்கு அதில் பங்கு கிடையாது.