அக்குபங்சர்: ஓர் அறிமுகம்

உடலின் குறிப்பிட்ட புள்ளிகளில் மெல்லிய ஊசிகளைச் செருகி வலியைத் தணிக்கும் சீன மருத்துவ முறையே அக்குபங்சர். 1938-இல் சீனம் சென்ற இந்திய மருத்துவக் குழுவில் இடம்பெற்ற டாக்டர் பி.கே. பாசு, பிற்காலத்தில் இதைக் கற்று வந்து கொல்கத்தாவில் அறிமுகப்படுத்தினார்.

உயிராற்றலின் ஓட்டம் சீராவதாகச் சீன மரபு கூறும். நரம்புகள் தூண்டப்பட்டு, வலியடக்கும் எண்டார்ஃபின் சுரப்பதாக இன்றைய அறிவியல் விளக்கும். நாட்பட்ட முதுகுவலி, முழங்கால் மூட்டுவலி, ஒற்றைத் தலைவலி ஆகியவற்றுக்கு இது துணைச் சிகிச்சையாகப் பயன்படுகிறது. மணிக்கட்டின் உட்புறம், மூன்று விரற்கிடை மேலுள்ள புள்ளி குமட்டலைத் தணிக்கத் தூண்டப்படுகிறது.

ஒருமுறை மட்டுமே பயன்படும், நுண்ணுயிர் நீக்கிய ஊசிகளையே ஏற்க வேண்டும். கருவுற்றோரும், இரத்தம் உறையாதிருக்க மருந்துண்போரும் அதனை முன்னரே தெரிவித்தல் அவசியம். வலி குறைந்ததென்று நீரிழிவு, இரத்த அழுத்த மாத்திரைகளை மருத்துவரைக் கேளாது நிறுத்தலாகாது. வலி தணிதல் வேறு. நோய் தீர்தல் வேறு.