மின்கலத் துறப்பணமும் நம் ஊர்ச் சுவரும்

தச்சர் கைக்கொள்ளும் கருவிகளுள் துறப்பணம் மிகப் பழையது. வில்லும் கயிறுமாக அதனைச் சுழற்றிய காலம் நெடிது. 1895-இல் ஜெர்மனி தேசத்துப் பைன் தொழிற்சாலையார் கையிலேந்தும் மின்சாரத் துறப்பணத்தைச் செய்தனர். 1961-இல் அமெரிக்காவின் பிளாக் அண்டு டெக்கர் கம்பெனியார், கம்பியின் தொடர்பே வேண்டாது பாட்டரியால் சுழலுவதொன்றை வெளியிட்டனர். இன்று "கார்ட்லெஸ் டிரில்" என்னும் பெயரால் அது தர்மபுரிக் கடைவீதியிலும் கிடைக்கின்றது. எதனை வாங்குவது என்பதே வினா.

கடைக்காரர் முதலில் எடுத்துரைப்பது வோல்ட்டு எண்ணையே. எண்ணைச் சொல்லி விற்பது எளிதன்றோ! ஆயினும், 20 வோல்ட்டு என்று பெட்டியின்மேல் பொறித்ததும் 18 வோல்ட்டு என்று பொறித்ததும் பெரும்பாலும் ஒன்றே. லித்தியம் அயான் கலம் ஒன்றின் இயல்பான அளவு 3.6 வோல்ட்டு, ஐந்தைத் தொடராய் இணைக்க 18 வரும். மின்னேற்றிய உடனே, சுமையின்றி அளந்த அளவையொட்டி 20 என்பர். வோல்ட்டை ஆம்பியர்-மணியால் பெருக்கிப் பார்த்தலே நன்று: 18 வோல்ட்டும் 2 ஆம்பியர்-மணியும் உடைய பாட்டரியில் 36 வாட்-மணி சக்தி அடங்கும்.

எனினும், தேர்வை முடிவு செய்வது எந்தப் பொருளில் துளையிடப் போகின்றோம் என்பதே. கதவுக்குக் கீல் பொருத்தவும், பலகைக்குத் திருகாணி முடுக்கவும் 12 வோல்ட்டுச் சிறு கருவி போதும். எடை குறைவாதலால் கையும் சோராது. திருகாணி மிகுதியாய் இறங்காதபடி முறுக்கை அளவோடு நிறுத்தும் கிளட்ச் வளையம் அதில் இருத்தல் வேண்டும். பட்டறையில் இரும்பைத் துளைப்போர்க்கு 13 மில்லிமீட்டர்ப் பிடிவாயும், மெதுவாய்ச் சுழலும் பல்சக்கர நிலையும், பக்கக் கைப்பிடியும் தேவை. பெரிய அலகு இரும்பில் சிக்கினால் கருவியே திரும்பி மணிக்கட்டை முறுக்கிவிடும்.

செங்கற் சுவருக்கு ஹாமர் டிரில் ஏற்றது. அதனுள் பல்வரிசையுடைய இரு தட்டுகள் உராய்ந்து சிறு சிறு அதிர்ச்சியை உண்டாக்கும். நம் மாவட்டத்திலோ கருங்கல்லுக்குக் குறைவில்லை. அடித்தளமும் வேலிக்காலும் அதுவாகவே இருப்பதுண்டு. அக்கல்லிலுள்ள படிகத்தின் கடினம் மோஸ் அளவையில் 7. டங்ஸ்டன் கார்பைடு நுனியின் கடினம் ஏறக்குறைய 9 ஆதலால் அலகு தோற்பதில்லை. தோற்பது மேற்கூறிய தட்டுகளின் மெல்லிய அதிர்ச்சியே. எவ்வளவு அழுத்தினும் நுனி சூடேறி மழுங்குவதன்றித் துளை ஆழாது. அவ்விடத்திற்குரியது ரோட்டரி ஹாமர். அதனுள் ஓர் உந்துதண்டு காற்றை நெருக்கி, அந்நெருக்கத்தால் அலகைப் பலமாக அறைகின்றது. ஆதலின் நாம் அழுத்த வேண்டுவது சிறிதே. கல் வேலை ஆண்டுக்கு ஓரிரு நாளே உடையவர் அதனை வாடகைக்கு எடுப்பதே சிக்கனம் என்பது நம் கருத்து.

பாட்டரி விலையுயர்ந்தது, ஒரு கம்பெனியாரது மற்றொருவர் கருவியில் பெரும்பாலும் பொருந்தாது. ஆகவே பின்னர் வாங்கக் கருதும் ரம்பம் முதலியனவும் அதே வரிசையில் உளவோ என்று முன்னரே கேட்டறிக. 40 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தில் மின்னேற்றலாகாது என்று பல கைந்நூல்கள் கூறும். சித்திரை வெயிலில் தகரக் கொட்டகையினுள் அவ்வளவு வெப்பம் எளிதில் ஏறிவிடும். வேலை முடிந்தவுடன் பாட்டரியைக் கழற்றி, வீட்டினுள் நிழலில் ஆறவைத்து, மாலையில் மின்னேற்றுக. பல வாரம் எடுக்காது வைப்பதாயின் பாதியளவு ஏற்றி வைத்தல் போதும்.