செல்பேசியில் மரியாதை



இந்தியாவில் செல்பேசிச் சேவை 1995-ல் தொடங்கியது. ஆரம்பத்தில் நமக்கு வருகிற அழைப்புக்கும் காசு கொடுக்கணும். 2003-ல்தான் அது இலவசமானது. ஆனால் எதிர்முனையில் இருப்பவரின் நேரமும் சார்ஜும் இன்றைக்கும் இலவசம் இல்லை.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நம் மாவட்டத்தில் பெய்த மழையை மறந்திருக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நின்று சுமார் 800 பயணிகள் தவித்தார்கள். பல ஊர்களில் கரண்டும் இல்லை, டவரும் இல்லை. அந்த நேரத்தில் போனில் மிச்சமிருக்கும் சார்ஜ்தான் ஒரு வீட்டுக்கு உயிர். "மாடியில இருக்கோம், அஞ்சு பேரு, அம்மாவுக்கு சுகர் மாத்திரை வேணும்" என்று சுருக்கமாகச் சொல்லிவிட்டு வைக்கணும். அடுத்தவர் நிலைமையை நினைத்துப் பேசுவதுதான் மரியாதை. அதை அன்றாடம் பழகினால்தான் ஆபத்திலும் வரும்.

நாம் பழக வேண்டியவை:

1. பேரைச் சொல்லி, "இப்போ பேசலாமாக்கா?" என்று கேட்போம். உப்பளத்தில் உப்பு வாரும்போதும், கரையில் மீன் ஏலம் போகும்போதும் போனை எடுக்க முடியாது. பத்து தடவை அடிக்காமல் காத்திருப்போம்.

2. குழுக் கூட்டத்தில் போன் சத்தத்தை நிறுத்துவோம். கடலுக்குப் போனவரின் தகவலுக்குக் காத்திருப்பவர் முன்கூட்டியே சொல்லிவிட்டு, அழைப்பு வந்ததும் வெளியே போய்ப் பேசலாம்.

3. ஒருத்தியின் கடன் பாக்கியை, வீட்டுச் சண்டையை பஸ்ஸில் சத்தமாகப் பேச வேண்டாம். ஸ்பீக்கரில் போடுவதாக இருந்தால் எதிரில் பேசுபவரிடம் சொல்லிவிடுவோம்.

4. கேட்காமல் யாருடைய நம்பரையும் போட்டோவையும் அடுத்தவருக்கு அனுப்பக் கூடாது.

5. மரியாதை என்றால் யார் சொன்னாலும் பணிந்து போவது இல்லை. "பேங்க்ல இருந்து பேசுறோம், ஓ.டி.பி. சொல்லுங்க" என்றால் உடனே வைத்துவிடுங்கள். அது மரியாதைக் குறைவு ஆகாது. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள். போனில் யாராவது தொல்லை கொடுத்தால் பெண்கள் உதவி எண் 181 இருக்கிறது.

குழுவில் பேசுவோம்:

• வெள்ளம், புயல் நேரத்தில் நம் குழுவில் யார் யாருக்குத் தகவல் சொல்வது?

• முக்கியமான நம்பர்களை நோட்டில் எழுதி வைத்திருக்கிறோமா? போன் அணைந்தாலும் நோட்டு கைகொடுக்கும்.