பிய்ந்து வந்த கிளீட்: இரண்டு ஆண்டை எந்தத் தேதியிலிருந்து எண்ணுவது?

கேள்வி: என்னிடம் 22 அடி ஃபைபர் பாய்மரப் படகு இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் மகனும் கடலுக்குப் போவோம். மேல்தளத்தில் கயிறு கட்டும் கிளீட், கப்பி, வின்ச் எல்லாம் தேய்ந்து துருவேறிவிட்டதால், மாற்றித் தரச் சொல்லி புதுச்சேரிப் பக்கம் ஒரு படகுப் பட்டறையில் விட்டேன். 2023 ஜூன் 10-ல் வேலை முடிந்தது. ரூ.1,40,000 ரொக்கமாகக் கொடுத்தேன், பில் தரவில்லை. நவம்பர் 26-ல் காற்று ஏறியபோது ஒரு கிளீட் தளத்திலிருந்து பிய்ந்து, மகனின் தோளை உரசிக்கொண்டு போனது. தளத்தை ஊடுருவி போல்ட் போட்டு, அடியில் தகடு வைத்து நட்டு முடுக்காமல், மேலிருந்தே ஸ்க்ரூ அடித்திருக்கிறார்கள். சீலன்ட்டும் வைக்கவில்லை. தண்ணீர் இறங்கி, ஃபைபருக்கு நடுவில் இருக்கும் பால்சா மரம் அழுகிவிட்டது. வேறு மெக்கானிக்கை வைத்து ஆறு ஃபிட்டிங்கை மாற்றிவிட்டேன், செலவு ரூ.95,000. மீதி நான்கை அடுத்த வாரம் மாற்றப்போகிறோம். இத்தனை நாள் பட்டறைக்காரரோடு பேசிப் பார்த்தேன். வாட்ஸ்அப் குரல் பதிவில் தப்பை ஒப்புக்கொண்டவர், இப்போது 'படகே பழசு' என்கிறார். மோசடி வழக்கு போடலாமா? மன உளைச்சலுக்கு ரூ.25 லட்சம் கேட்கலாமா?
வாசகர், சென்னை (கடிதம் எழுதிய நாள்: 2025 செப்டம்பர் 8)

பதில்: மீதி நான்கு ஃபிட்டிங்கைத் தொடாதீர்கள். படகைக் கரையிலேயே வையுங்கள். மற்றதெல்லாம் பிறகு.

உங்கள் வழக்கு நிற்பதும் விழுவதும் ஒரு தேதியில் இருக்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 69-ன்படி, வழக்கு மூலம் (வழக்குக்கான காரணம்) எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் புகாரைத் தாக்கல் செய்ய வேண்டும். வேலை முடிந்த நாளிலிருந்து எண்ணினால், 2025 ஜூனிலேயே காலவரம்பு கடந்துவிட்டது. குறை தெரியவந்த நாளிலிருந்து எண்ணினால் 2025 நவம்பர் 26 வரை இருக்கிறது. ஸ்க்ரூ தளத்துக்குள் புதைந்திருப்பதை வெளியிலிருந்து யாரும் பார்க்க முடியாது. ஆகவே குறை வெளிப்பட்ட நாளே வழக்கு மூலம் எழுந்த நாள் என்று வாதாட நல்ல இடமுண்டு. எதிர்த்தரப்பு ஜூன் தேதியைத்தான் பிடிக்கும். அதனால் புகாரோடு, தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவையும் முன்னெச்சரிக்கையாகச் சேர்த்துப் போட வேண்டும். போதிய காரணம் இருந்தால் தாமதத்தை மன்னிக்க அதே பிரிவு நுகர்வோர் ஆணையத்துக்கு அதிகாரம் தருகிறது. மன்னித்தே ஆக வேண்டும் என்று அது சொல்லவில்லை.

"பேசிப் பார்த்தேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த வார்த்தையால் தோற்ற வழக்குகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பேச்சுவார்த்தை காலவரம்பை நீட்டாது. கடிதப் போக்குவரத்து நீட்டாது. வக்கீல் நோட்டீஸும் நீட்டாது. காலம் கடந்த புகாரை, தாமதத்தை மன்னிக்காமல் ஆணையம் விசாரிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2009-லேயே சொல்லிவிட்டது. எதிர்த்தரப்பு அந்த ஆட்சேபத்தை எழுப்பாவிட்டாலும் ஆணையம் தானாகவே அதைப் பார்க்க வேண்டும்.

அடுத்தது இன்னும் வருத்தமான விஷயம். கழற்றிய ஆறு ஃபிட்டிங்குகளும் ஸ்க்ரூக்களும் எங்கே என்று கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. பழைய இரும்புக் கடைக்குப் போயிருந்தால் உங்கள் சாட்சியத்தில் பாதி போய்விட்டது. கழற்றும் முன் படம் எடுத்தீர்களா? அழுகிய மரத்தில் ஒரு துண்டையாவது எடுத்து வைத்தீர்களா? மகனின் தோளை உரசிப்போன அந்தக் கிளீட் எங்கே? ஒரு லட்சத்து நாற்பதாயிரம் ரூபாயை ரொக்கமாக எண்ணிக் கொடுத்துவிட்டு, ஒரு துண்டுச் சீட்டுகூட வாங்காமல் எப்படி வந்தீர்கள்? பில் தராதது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறைதான். ஆனாலும் பணம் கொடுத்ததை நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது. அந்த வாரம் வங்கியிலிருந்து பணம் எடுத்திருந்தால் கணக்குப் பட்டியலை வாங்கிவிடுங்கள்.

மீதி நான்கைத் தொடாதீர்கள் என்றது இதனால்தான். அந்தப் பட்டறை செய்த வேலை செய்தபடியே இருக்கும் இடம் இனி அவை மட்டும்தான். மரைன் சர்வேயர் ஒருவரை அழைத்து, அவர் கண்ணெதிரே ஒன்றைக் கழற்றி, படமெடுத்து, அறிக்கை வாங்குங்கள். கழற்றும் நாளைப் பட்டறைக்கு முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்தால், பிற்பாடு 'எங்களுக்குத் தெரியாது' என்று சொல்ல முடியாது. ஆறு ஃபிட்டிங்கை மாற்றிய மெக்கானிக்கிடமும், அவர் கண்டதைப் பிரமாண வாக்குமூலமாக வாங்குங்கள். "படகே பழசு" என்ற வாதத்துக்குப் பதில் இந்த இரண்டு காகிதங்களில்தான் இருக்கிறது: பழைய தளம் அதுவாக அழுகியதா, சீலன்ட் இல்லாத ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கி அழுகியதா என்பதை நிபுணர்தான் சொல்ல முடியும்.

குரல் பதிவு முக்கியம். அதற்கு பாரதிய சாட்சிய அதிநியமம் 2023, பிரிவு 63-ன்படி சான்றிதழ் இணைப்பது பாதுகாப்பு. அதுவரை அந்தப் போனை மாற்றாதீர்கள், ரீசெட் செய்யாதீர்கள்.

மோசடிப் புகார் வேண்டாம். மோசமாகச் செய்த வேலை மோசடி ஆகிவிடாது. ஆரம்பத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்ததைக் காட்ட வேண்டும், உங்கள் கடிதத்தில் அது இல்லை. ரூ.25 லட்சமும் வேண்டாம். கொடுத்த தொகை, மறுபடி செய்த செலவு, நியாயமான இழப்பீடு, வழக்குச் செலவு என்று நிரூபிக்கக்கூடியதைக் கேளுங்கள். பட்டறை வேறு ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் சென்னையின் மாவட்ட ஆணையத்திலேயே தாக்கல் செய்யலாம். கொடுத்த தொகை ரூ.5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் இல்லை. இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாகவும் பதியலாம்.

ஒன்றை மறைக்காமல் உங்கள் வழக்கறிஞரிடம் சொல்லுங்கள்: அந்தப் படகை எப்போதாவது வாடகைக்கு விட்டதுண்டா? வணிக நோக்கம் என்று காட்டிவிட்டால் நீங்கள் 'நுகர்வோர்' அல்ல என்ற வாதம் வரும்.

உங்கள் கடிதத்தை மட்டும் வைத்து எழுதிய பதில் இது. ஆவணம் எதையும் நான் பார்க்கவில்லை. நுகர்வோர் வழக்கு நடத்தும் வழக்கறிஞர் ஒருவரை இந்த வாரமே நேரில் பாருங்கள். அக்டோபருக்குள் புகார் தாக்கலாகிவிட வேண்டும். போகும்போது போன், வங்கிக் கணக்குப் பட்டியல், மெக்கானிக்குக்குக் கொடுத்த ரூ.95,000-க்கான ரசீது மூன்றையும் எடுத்துச் செல்லுங்கள். அந்த ரசீதும் வாங்கவில்லை என்றால், இன்றைக்கே போய் வாங்குங்கள்.