இரண்டு முட்கள் எதற்கு?

சென்ற கிறிஸ்துமஸ் அன்று, வாட்டிய கோழியை வெறுங்கையால் பிடித்து வெட்டிய எங்கள் தோழியின் தாயார் விரலை அறுத்துக்கொண்டார். கொழுப்பு வழுக்கியதே காரணம். அதனால் இப்பாடத்தை நாங்கள் விரும்பிப் படித்தோம்.

1820-களில் ஜான் சல்லிவன் உதகையில் கல் வீடு கட்டினார். பின் குடியேறிய ஆங்கிலேயர், முழுதாய் வாட்டிய இறைச்சியை மேசையில் துண்டு போடும் வழக்கத்தையும் மலைக்குக் கொண்டுவந்தனர். இதற்கென நீண்ட இரு முட்களுடைய பெரிய முள்கரண்டி உண்டு. ஒரே முள்ளால் குத்தினால் இறைச்சி அதைச் சுற்றித் திரும்பும். இரண்டால் குத்தினால் திரும்பாது. நழுவும் கத்தி கையில் படாதிருக்க, சிலவற்றில் மடக்குத் தடுப்பும் இருக்கும்.

நம் அரிவாள்மனையிலோ பலகையைக் காலால் அழுத்திக் கத்தியை நிறுத்துகிறோம். இரு கைகளாலும் இறைச்சியை நகர்த்துகிறோம். அங்கே இறைச்சி அசையாது. இங்கே கத்தி அசையாது. இரண்டில் ஒன்று நிலையாக நிற்க வேண்டும் என்பதே பாடம்.

பெரிய முள்கரண்டி இல்லையா? பலகையின் அடியில் ஈரத்துணி விரியுங்கள். சாதாரண முள்கரண்டியை ஆழக் குத்திப் பிடியுங்கள். இவ்வாண்டு கிறிஸ்துமஸ் விருந்தில் ஒரு விரலும் காயப்படாதிருக்கட்டும்!